கிட்ஹப் ரிமோட் எம்சிபி சர்வர், கிளாட் கோடுடன்: இணைப்பது ஒரு வரி, அடக்கி வைப்பதுதான் வேலை

கிளாட் கோட் போன்ற கோடிங் ஏஜென்ட் (நாம் சொல்வதைக் கேட்டுத் தானே கோட் எழுதி ஓட்டும் ஏஐ கருவி), வெளிச் சேவைகளின் டூல்களை எம்சிபி சர்வர்கள் வழியாகப் பெறுகிறது. அதைப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் இணைக்க நினைக்கும் முதல் சர்வர் பெரும்பாலும், கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பினுடையதாகத்தான் இருக்கும். இஷ்யூவை (பிழை அல்லது வேலைக் குறிப்பு) படிப்பது, கோடைத் திருத்துவது, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) போடுவது எல்லாவற்றையும் டெர்மினலை விட்டு நகராமல் முடிக்கலாம். முன்பு டாக்கரில் (புரோகிராமைத் தனிக் கன்டெய்னரில் ஓட்டும் கருவி) இறக்கி நம் கணினியிலேயே ஓட்டவேண்டியிருந்த இந்த எம்சிபி சர்வரை, 2025 ஜூனில் கிட்ஹப் தன் பக்கமே ஓட்டி முன்னோட்டமாகத் திறந்துவிட்டது. செப்டம்பரில் அது முழு வெளியீடானது. தனிக் கட்டணம் கிடையாது. கிட்ஹப்பின் சொந்த ஏஐ ஏஜென்ட்டான கோபைலட்டிடம் வேலையை ஒப்படைப்பது போன்ற சில டூல்களுக்கு மட்டும் கோபைலட் சந்தா வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அதிகாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் வசதியில், இன்று கிடைக்கும் ரிமோட் சர்வர்களில் இது முன்வரிசை. ஆனால் அந்த வசதிகளில் பெரும்பாலானவை நாம் கேட்டால்தான் வேலை செய்யும். கிட்ஹப் ஆவணத்தின் முதல் உதாரணத்தை அப்படியே ஒட்டி, கைக்குக் கிடைத்த பழைய டோக்கனையும் (கடவுச்சொல்லுக்குப் பதில் காட்டும் ரகசியச் சரம்) கொடுத்தால், நம் அத்தனை ரெப்போக்களும் (கோட் களஞ்சியங்கள்) ஏஜென்ட்டின் கைக்குப் போய்விடும். லாகின் அனுபவமோ, கிளாட் கோடைப் பொறுத்தவரை, சென்ட்ரி (பிழைப் பதிவு), லீனியர் (வேலைப் பட்டியல்), நோஷன் (குறிப்பேடு) ஆகிய சேவைகளின் சர்வர்களைவிட மோசம்.

ரிமோட் ஏன் பரவாயில்லை

லோக்கல் எம்சிபி சர்வர் என்பது நம் பயனர் கணக்கின் முழு அதிகாரத்தோடு ஓடும் ஒரு புரோகிராம். வேறு கணினிகளுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சாவி, பிரவுசர் குக்கி, வீட்டு ஃபோல்டர் எல்லாம் அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் என்பிஎக்ஸ் (என்பிஎம் களஞ்சியத்திலிருந்து பேக்கேஜை இறக்கி உடனே ஓட்டும் கட்டளை) வழியாக ஓட்டினால், நேற்று நல்லதாக இருந்தது இன்று வேறாக வரலாம். 2025 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்த போஸ்ட்மார்க்-எம்சிபி விவகாரம் இதற்குச் சரியான சாட்சி. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அந்த என்பிஎம் பேக்கேஜின் 1.0.16 பதிப்பில் ஒரே ஒரு வரி கூடியது. ஏஜென்ட் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலும் பிசிசி வழியாக வெளியாள் ஒருவருக்கும் போனது.

ரிமோட் சர்வரில் அந்தப் பயம் இல்லை. அந்நியக் கோட் எதுவும் நம் கணினியில் ஓடுவதில்லை. பதிலுக்கு இரண்டு விஷயங்கள் எல்லை தாண்டுகின்றன. நம் டோக்கன் அங்கே போகிறது, அங்கிருந்து எழுத்து இங்கே வருகிறது. முதலாவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சேதம் செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான்: அதில் ஒளிந்திருக்கும் உத்தரவை ஏஜென்ட் நிறைவேற்றிவிடலாம்.

பழைய வழிகாட்டிகள் பலவற்றில், ரிமோட் சர்வரை இணைக்க எம்சிபி-ரிமோட் என்ற இடைப் பேக்கேஜை நிறுவச் சொல்லியிருக்கும். அந்த வரியைத் தாண்டிப் போங்கள். அதன் 0.0.5 முதல் 0.1.15 வரையிலான பதிப்புகளில் சிவிஇ-2025-6514 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்பு ஓட்டை இருந்தது. தீவிர மதிப்பெண் 10க்கு 9.6. லாகின் முகவரி என்ற பெயரில் கெட்ட சர்வர் அனுப்பும் எழுத்துச் சரம் நம் கணினியில் கட்டளையாகவே ஓடிவிடும். 0.1.16இல் அடைத்துவிட்டார்கள். ஆனால் கிளாட் கோட் எச்டிடிபி வழியாக நேரடியாகவே பேசும் என்பதால் இந்தப் பாலமே தேவையில்லை. எஸ்எஸ்இ என்ற பழைய போக்குவரத்து முறையும் அப்படித்தான். எம்சிபி வரையறையின் 2025 மார்ச் பதிப்பிலிருந்து ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. சர்வர் இரண்டையும் தந்தால் எச்டிடிபியையே எடுங்கள்.

லாகின்: சொதப்பும் இடம்

நடக்கவேண்டியது இது. "கிளாட் எம்சிபி ஆட்" கட்டளையில் டிரான்ஸ்போர்ட் எச்டிடிபி என்று சொல்லி, ஒரு பெயரும் சர்வரின் யூஆர்எல்லும் கொடுக்கிறோம். ஏஜென்ட் டோக்கன் இல்லாமல் கதவைத் தட்டும். சர்வர் 401 (லாகின் வேண்டும்) என்று சொல்லும். அந்தப் பதிலின் ஹெடரிலேயே (தலைப்புக் குறிப்பு), லாகின் விவரம் எங்கே இருக்கிறது என்ற முகவரியும் வரும். கிளாட் கோட் அதைப் படித்து, லாகின் சர்வரிடம் தன்னைத் தானே ஒரு கிளையன்ட்டாகப் பதிவு செய்துகொள்ளும். பிறகு /எம்சிபி மெனுவில் சர்வரைத் தேர்ந்தெடுத்தால் பிரவுசர் திறக்கும், ஒப்புதல் கொடுத்ததும் முடிந்தது. 2025 ஜூன் வரையறைப்படி, டோக்கன் கேட்கும்போதே எந்த சர்வருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு சர்வருக்கு வாங்கிய டோக்கனை இன்னொன்றில் காட்ட முடியாமல் செய்வதற்கான ஏற்பாடு. சென்ட்ரி, லீனியர், நோஷன் மூன்றும் இப்படியே சுமுகமாக இணைகின்றன.

கிட்ஹப்பில் நடுவழியில் நின்றுவிடும். கிளையன்ட் தன்னைத் தானே பதிவு செய்துகொள்வதை கிட்ஹப்பின் லாகின் சர்வர் ஏற்பதில்லை. டைனமிக் கிளையன்ட் ரெஜிஸ்ட்ரேஷன் ஆதரவு இல்லை என்ற பிழைச் செய்தி வரும். யூஆர்எல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு, பயன் இல்லை. விஎஸ் கோடில் இதே சர்வர் பிரவுசர் வழியாக ஒரு சொடுக்கில் இணைவதற்குக் காரணம், அந்த எடிட்டர் கிட்ஹப்பிடம் முன்கூட்டியே பதிவானது என்பதுதான்.

கிளாட் கோடுக்கு இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன.

ஒன்று, கிட்ஹப் கணக்கில் நாமே உருவாக்கும் பெர்சனல் ஆக்சஸ் டோக்கனை ஆத்தரைசேஷன் ஹெடரில் கொடுப்பது. இன்னொன்று, கிட்ஹப்பின் டெவலப்பர் அமைப்புகளில் நாமே ஒரு ஆப் பதிவு செய்து, அதன் கிளையன்ட் ஐடியைக் கிளாட் கோடுக்குத் தருவது. கால்பேக் முகவரியாக (லாகின் முடிந்ததும் பிரவுசர் திரும்பும் இடம்) லோக்கல்ஹோஸ்ட்டின், அதாவது நம் கணினியின், நிலையான ஒரு போர்ட்டைப் பதிவு செய்து, அதே எண்ணை இணைக்கும் கட்டளையின் கால்பேக்-போர்ட் விருப்பத்திலும் கொடுக்கவேண்டும். எண் மாறினால் கிட்ஹப் மறுத்துவிடும். கிளையன்ட் சீக்ரெட்டைக் கட்டளை வரியில் எழுதவேண்டாம். அதற்குரிய விருப்பத்தை மட்டும் சேர்த்தால் மறைத்துத் தட்டச்சு செய்யக் கேட்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஓஆத் (பிரவுசரில் ஒப்புதல் கொடுத்து இணைக்கும் முறை) என்றாலே பாதுகாப்பு, கையால் ஒட்டும் டோக்கன் என்றாலே ஆபத்து என்று பொதுவாக நினைக்கிறோம். கிட்ஹப்பில் அது தலைகீழாகலாம். ஓஆத் ஆப்புக்கு ரெப்போ என்ற ஸ்கோப் (அதிகார எல்லை) கொடுத்தால், நம் கணக்கு தொடக்கூடிய ரெப்போக்கள் எல்லாவற்றிலும் படிக்க, எழுத அதிகாரம் வந்துவிடும். ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கனையோ (ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியாகத் தேரும் புதிய வகை பெர்சனல் ஆக்சஸ் டோக்கன்) ஒரே ரெப்போவுக்குள் அடைத்துவிடலாம். ஆப் வழியே போவதாக இருந்தால் ஓஆத் ஆப் வேண்டாம், கிட்ஹப் ஆப் உருவாக்குங்கள். அதன் வழியாக வரும் பயனர் டோக்கன், ஆப் நிறுவப்பட்ட ரெப்போக்களில் மட்டும், ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளுக்குள் மட்டும் செல்லுபடியாகும். 8 மணி நேரத்தில் காலாவதியாகி, ரிஃப்ரெஷ் டோக்கன் மூலம் புதுப்பித்துக்கொள்ளும். பத்துப் பேர் உள்ள குழு என்றால் இந்த உழைப்பு தகும். தனி ஆளுக்கு ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் போதும்.

டோக்கனை எவ்வளவு சிறிதாக வெட்டலாம்

கிளாசிக் என்ற பழைய வகை டோக்கனைத் தொடவே வேண்டாம். ஜிஹெச்பி என்று தொடங்கினால் அது கிளாசிக். ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் கிட்ஹப்_பேட்_ என்று தொடங்கும். உருவாக்கும்போது "தேர்ந்தெடுத்த ரெப்போக்கள் மட்டும்" என்பதைக் குறித்து, வேலை நடக்கும் ரெப்போவை மட்டும் சேருங்கள். காலாவதி 30 நாள் என்று தானாகவே வரும், அதை நீட்டவேண்டாம்.

அனுமதிகளில் மெட்டாடேட்டா படிக்கும் உரிமை தானாகச் சேரும். கன்டென்ட்ஸ் (ரெப்போவின் கோப்புகள்) என்பதற்கு படிக்கும் உரிமை மட்டும். இஷ்யூஸ் படிக்கும் உரிமை. ஏஜென்ட் பின்னூட்டம் எழுதவேண்டும் என்றால் மட்டும் எழுதும் உரிமை. புல் ரிக்வெஸ்ட்ஸ் படிக்க, எழுத. இவ்வளவு போதும். கன்டென்ட்ஸ் எழுதாமல் புல் ரிக்வெஸ்ட் எப்படிப் போடுவது என்று கேட்கலாம். மாற்றங்கள் உள்ள கிளையை கிட்ஹப்புக்குத் தள்ளும் வேலையை நம் கணினியில் உள்ள கிட் (பதிப்புகளைக் கையாளும் கருவி) தன் சொந்தச் சாவியோடு செய்யட்டும். டோக்கன் புல் ரிக்வெஸ்ட்டைத் திறக்க மட்டும் பயன்படட்டும். இதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு: மெர்ஜ் செய்ய (மாற்றத்தை மூலக் கிளையில் சேர்க்க) கன்டென்ட்ஸ் எழுதும் உரிமை வேண்டும் என்பதால், ஏஜென்ட் எதை நம்பி ஏமாந்தாலும் இந்த டோக்கனால் மெர்ஜ் செய்ய முடியாது. வொர்க்ஃப்ளோஸ் அனுமதியை எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். சிஐ (தானியங்கிச் சோதனை, வெளியீடு) கோப்பை மாற்ற முடிந்தவர் சிஐயின் ரகசியங்களையும் எடுத்துக்கொள்வார்.

குறைகளும் உண்டு. ஒரு ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் ஒரே உரிமையாளருக்குத்தான். இரண்டு நிறுவனக் கணக்குகளில் வேலை செய்பவர், இரண்டு டோக்கன்களை இரண்டு சர்வர் பெயர்களில் சேர்க்கவேண்டும். வெளி ஒத்துழைப்பாளராக மட்டும் சேர்க்கப்பட்டிருக்கும் ரெப்போவில் இந்த வகை டோக்கன் வேலை செய்யாது. நிறுவனம் ஒப்புதல் கேட்கும்படி அமைத்திருந்தால், நிர்வாகி ஒப்புக்கொள்ளும்வரை டோக்கன் பொது ரெப்போக்களை மட்டுமே பார்க்கும். அந்த நேரத்தில் வரும் பிழை 403 (அனுமதி மறுப்பு) இல்லை, 404 (அப்படி ஒன்றே இல்லை). அனுமதி இல்லாத தனியார் ரெப்போ இருப்பதையே கிட்ஹப் காட்டிக்கொள்ளாது. பெயரில் எழுத்துப்பிழையோ என்று ஏஜென்ட் தேடிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது எங்கே வைப்பது. ஹெடரைக் கட்டளையிலேயே எழுதினால் டோக்கன் ஷெல் வரலாற்றில் ஒரு பிரதி, வீட்டு ஃபோல்டரில் உள்ள கிளாட் கோடின் ஜேசன் கோப்பில் இன்னொரு பிரதி என்று வெறும் எழுத்தாகக் கிடக்கும். குழுவோடு பகிரும் எம்சிபி ஜேசன் கோப்பில் எழுதினால் நேராக கிட்டுக்குள் போகும். பொது ரெப்போவில் தெரிந்தால் கிட்ஹப் தானே கண்டுபிடித்து டோக்கனைச் செல்லாததாக்கிவிடும்; தனியார் ரெப்போவில் அந்த உதவியை நம்பியிருக்க முடியாது. பகிரும் கோப்பில் டோக்கன் இருக்கவேண்டிய இடத்தில், டாலர் குறியும் நெளி அடைப்பும் போட்டு என்விரான்மென்ட் மாறியின் (ஓடும் புரோகிராம்கள் படிக்கும் அமைப்பு மதிப்பு) பெயரை எழுதுங்கள். கிளாட் கோட் இணைக்கும்போது அதை நிரப்பிக்கொள்ளும்.

இதோடு நின்றுவிடும் வழிகாட்டிகள் அதிகம். ஆனால் என்விரான்மென்ட் மாறி ஏஜென்ட்டின் கண்ணுக்கும் தெரியும். அதனிடம் ஷெல் (கட்டளைகளை ஓட்டும் இடம்) இருக்கிறது, என்வ் என்று ஒரு கட்டளை கொடுத்தால் டோக்கன் உரையாடலுக்குள் வந்துவிடும். இதைத் தவிர்க்க ஹெடர்ஸ்ஹெல்பர் என்ற அமைப்பு உதவும். இணைக்கும் நேரத்தில் ஒரு சிறு ஸ்கிரிப்டை ஓட்டி, அது தரும் ஜேசனிலிருந்து ஹெடரை எடுத்துக்கொள்வது. ஸ்கிரிப்ட் பாஸ்வேர்ட் மேனேஜரிடமிருந்து டோக்கனை வாங்கினால், வட்டிலும் இல்லை, என்விரான்மென்ட்டிலும் இல்லை. அந்த ஸ்கிரிப்டையே ஏஜென்ட் ஓட்டாமல் இருக்க, அதன் பெயரை கிளாட் கோடின் டினை (தடை) பட்டியலில் சேர்ப்பது நம் வேலை.

யூஆர்எல்லும் ஹெடரும்: இதன் பலம் இங்கேதான்

கிட்ஹப் சர்வரைப் பரிந்துரைக்க வைக்கும் பகுதி இது. யூஆர்எல்லின் கடைசியில் ரீட்ஒன்லி என்ற பாதையைச் சேர்த்தால், எழுதும் டூல்கள் பட்டியலிலேயே வராது. எக்ஸ்-எம்சிபி-ரீட்ஒன்லி என்ற ஹெடரை ட்ரூ என்று கொடுத்தாலும் அதே விளைவு. வேறு அமைப்பில் எழுதும் டூல் ஒன்றைக் கேட்டிருந்தாலும் ரீட்ஒன்லிதான் ஜெயிக்கும். ஏஜென்ட்டிடம் "எழுதாதே" என்று கெஞ்சுவதற்கும், எழுதும் டூலே அதன் கையில் இல்லாமல் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லவேண்டியதில்லை.

எக்ஸ்-எம்சிபி-டூல்செட்ஸ் ஹெடரில் ரெப்போஸ், இஷ்யூஸ் என்று காற்புள்ளி போட்டு எழுதினால் அந்தத் தொகுப்புகள் மட்டும் வரும். எதுவும் சொல்லாவிட்டால் கான்டெக்ஸ்ட், ரெப்போஸ், இஷ்யூஸ், புல் ரிக்வெஸ்ட்ஸ், யூசர்ஸ் ஆகியவை சேர்ந்து வரும். தொகுப்பைக் குறைப்பதில் டோக்கன் செலவும் மிச்சம் (இங்கே டோக்கன் என்பது லாகின் சாவி இல்லை, மாடல் படிக்கும் எழுத்துத் துண்டு), தவறான டூலை எடுக்கும் வாய்ப்பும் குறைவு. தனித்தனி டூலாகவும் பெயர் சொல்லிக் கேட்க வழி உண்டு.

மூன்றாவது, லாக்டவுன் நிலை. பொது ரெப்போவில் யார் வேண்டுமானாலும் இஷ்யூ எழுதலாம் அல்லவா? லாக்டவுனைப் போட்டால், அந்த ரெப்போவில் தள்ளும் உரிமை இல்லாதவர் எழுதியதை சர்வர் வடிகட்டிவிடும். திறந்த மூலத் திட்டம் நடத்துபவர்களுக்கு இது ஒரு சங்கடம். வெளியாட்களின் இஷ்யூவைப் படிக்கத்தானே ஏஜென்ட்டையே வைத்தோம்? அப்படியானால் அதற்கென்று தனி சர்வர் பெயர், ரீட்ஒன்லி யூஆர்எல், அந்த ஒரு பொது ரெப்போவுக்கு மட்டுமான டோக்கன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு முனைப்பு எதற்கு என்பவர்கள், 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட செய்முறையைப் பார்க்கவேண்டும். பொது ரெப்போவில் ஒருவர் இஷ்யூ எழுதுகிறார். அதற்குள் ஏஜென்ட்டுக்கான உத்தரவு ஒளிந்திருக்கிறது. உரிமையாளர் "திறந்திருக்கும் இஷ்யூக்களைப் பார்" என்று சாதாரணமாகச் சொல்கிறார். ஏஜென்ட் அந்த உத்தரவைப் படித்து, அதே டோக்கனால் தனியார் ரெப்போக்களைத் திறந்து, கிடைத்த தகவலைப் பொது ரெப்போவில் புல் ரிக்வெஸ்ட்டாகப் போட்டுவிடுகிறது. சர்வர் கோடில் பிழை எதுவும் இல்லை. லாகின் சரி, டோக்கன் சரி, ஒவ்வொரு அழைப்பும் அனுமதிக்கப்பட்டதே. ஒரே டோக்கன் பொது, தனியார் இரண்டையும் தொட்டதுதான் கோளாறு. தனியார் தகவல், நம்பத்தகாத எழுத்து, வெளியே அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் கசிவு நடக்கும் என்று மென்பொருள் உருவாக்குநர் சைமன் வில்லிசன் 2025 ஜூனில் எச்சரித்தது இந்த வகைச் சேர்க்கையைத்தான். ஒரு ரெப்போவுக்கு ஒரு டோக்கன் என்று வைத்திருந்தால் அந்தத் தாக்குதல் இரண்டாவது படியிலேயே 404 வாங்கியிருக்கும்.

பின்கதவு

இத்தனையும் செய்துவிட்டு பலரும் மறப்பது ஒன்று: அதே கணினியில் ஜிஹெச் என்ற கிட்ஹப் கட்டளைக் கருவி ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும். அதன் வழக்கமான லாகின் ரெப்போ ஸ்கோப்போடு வருகிறது, அதாவது எல்லா ரெப்போவும். எம்சிபி டூலுக்கு 404 கிடைத்ததும், சுறுசுறுப்பான ஏஜென்ட் அடுத்த நொடியே ஷெல்லில் ஜிஹெச்சை ஓட்டிப் பார்க்கும். வாசலில் பூட்டும் கொல்லையில் திறந்த கதவுமாக வீடு கட்டியது போலத்தான்.

கிளாட் கோடின் செட்டிங்ஸ் கோப்பில், பேஷ் டூலுக்கான (ஷெல் கட்டளைகளை ஓட்டும் டூல்) டினை பட்டியலில் ஜிஹெச்சையும் கர்லையும் (யூஆர்எல்லை நேரடியாக அழைக்கும் கட்டளை) சேருங்கள். இது தடுப்புச் சுவர் ஆகாது. பைத்தான் ஒரு வரி எழுதினாலே சுற்றிப் போய்விடலாம். உறுதியாக வேண்டும் என்றால், ஜிஹெச் லாகின் இல்லாத டெவ் கன்டெய்னரில் (தனிமைப்படுத்திய வேலைச் சூழல்) ஏஜென்ட்டை ஓட்டி, வெளியே போகும் நெட்வொர்க்கைத் தேவையான டொமைன்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

எம்சிபி டூல்களுக்கான அனுமதியும் அதே செட்டிங்ஸ் கோப்பில்தான். பெயர் எழுதும் முறை: எம்சிபி, இரண்டு அடிக்கோடு, சர்வர் பெயர், இரண்டு அடிக்கோடு, டூல் பெயர். டினை பட்டியல் முதலில் பார்க்கப்படும், பிறகு ஆஸ்க் (நம்மிடம் கேட்பது), கடைசியில் அலௌ (கேட்காமல் அனுமதிப்பது). படிக்கும் டூல்களை அலௌவில் போட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தால் மூன்றாவது நாளில் யாரும் படிக்காமலே "ஆம்" அழுத்துவார்கள். புல் ரிக்வெஸ்ட் திறப்பது, பின்னூட்டம் எழுதுவது ஆஸ்க்கில். கோப்பு அழிப்பது, நேரடியாகக் கோப்புகளைத் தள்ளுவது, மெர்ஜ் மூன்றும் டினையில். அனுமதியே கேட்காத நிலையில் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் ரிமோட் சர்வர்களை இணைக்காமல் இருப்பது நல்லது.

குழுவாகப் பயன்படுத்தும்போது

பகிரும் எம்சிபி ஜேசன் கோப்பு ரெப்போவின் வேரில் இருக்கும். ரெப்போவை குளோன் செய்தவர் (தன் கணினிக்கு நகலெடுத்தவர்) கிளாட் கோடைத் திறந்தால், இந்த சர்வர்களை நம்பலாமா என்று கேட்கும். இந்தக் கேள்வியை ஒட்டுமொத்தமாக அணைக்கும் செட்டிங் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவைத்த கணினியில் அந்நிய ரெப்போவைத் திறப்பது ஆபத்து. ஏற்கெனவே கொடுத்த ஒப்புதல்களைத் துடைக்க ரீசெட்-ப்ராஜெக்ட்-சாய்ஸஸ் என்ற துணைக்கட்டளை உண்டு.

ஒருமுறை ஒப்புதல் வாங்கிய கோப்பைப் பின்னால் மாற்றினால் என்ன ஆகும் என்பதை கர்சர் எடிட்டரில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டியது. சிவிஇ-2025-54136. முதலில் சாதுவான அமைப்பைப் போட்டு ஒப்புதல் வாங்கி, பிறகு அதே பெயரில் வேறு கட்டளையை வைத்தால், மறுபடி கேட்காமல் ஓடியது. 1.3 பதிப்பில் சரியானது. எந்த எடிட்டராக இருந்தாலும், இந்தக் கோப்பை கோட்ஓனர்ஸில் (எந்தக் கோப்பின் மாற்றத்தை யார் பார்க்கவேண்டும் என்ற பட்டியல்) ஒருவர் பெயரில் வைத்து, அவர் பார்க்காமல் மாற்றம் உள்ளே வராதபடி செய்வது மலிவான காப்பு. பெரிய நிறுவனம் என்றால் கிளாட் கோடின் மேனேஜ்டு அமைப்பில் அனுமதிக்கும் சர்வர் யூஆர்எல் பட்டியலை நிர்வாகியே பூட்டிவிடலாம்.

நம் டோக்கனால் ஏஜென்ட் திறக்கும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு நாமே ஆசிரியர். கிட்ஹப் விதிப்படி நம் புல் ரிக்வெஸ்ட்டை நாம் அப்ரூவ் செய்ய முடியாது. இருவர் மட்டும் உள்ள குழுவில் இது இடைஞ்சலாகும். ஏஜென்ட்டுக்கென ஒரு மெஷின் அக்கவுன்ட் வைத்து, அதன் டோக்கனைப் பயன்படுத்தினால் தீர்ந்தது. யார் எழுதியது என்பதும் வரலாற்றில் தெளிவாகத் தெரியும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

டேட்டாபேஸ் சேவையான சூப்பாபேஸின் ரிமோட் சர்வரில் ஓஆத் லாகின் நேராக வேலை செய்கிறது. யூஆர்எல்லிலேயே ப்ராஜெக்ட் ரெஃப் (எந்த ப்ராஜெக்ட் என்ற அடையாளம்), ரீட் ஒன்லி இரண்டையும் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் கணக்கில் உள்ள எல்லா ப்ராஜெக்ட்டும், எழுதும் உரிமையோடு. ரீட் ஒன்லி போட்டால் குவெரி, போஸ்ட்கிரெஸ்ஸில் படிக்க மட்டும் முடிந்த பயனராக ஓடும். இது நல்ல வடிவமைப்பு. ஆனால் அதைப் போடாவிட்டால், 2025இல் ஜெனரல் அனாலிசிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டியது போல, வாடிக்கையாளர் எழுதிய சப்போர்ட் டிக்கெட்டில் ஒளிந்த உத்தரவைப் படித்த ஏஜென்ட், சர்வீஸ் ரோல் என்ற முழு அதிகாரத்தால் வரிசை மட்டப் பாதுகாப்பையெல்லாம் தாண்டி, ரகசிய டோக்கன்களை அதே டிக்கெட்டில் எழுதிவைத்துவிடும். உண்மையான வாடிக்கையாளர் தரவு உள்ள டேட்டாபேஸை இதில் இணைக்காதீர்கள். சூப்பாபேஸின் ஆவணமும் அதையே சொல்கிறது.

சென்ட்ரி இணைப்பதற்கு மிகச் சுகம். பிழைச் செய்திகளை மட்டும்தானே படிக்கிறது என்று அசட்டையாக இருக்கவேண்டாம். இணையப் பக்கத்தில் உள்ள சென்ட்ரியின் டிஎஸ்என் (பிழைகளை அனுப்பும் முகவரி) பிரவுசரில் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு "பிழையை" அனுப்பலாம், அதன் வாசகத்தை ஏஜென்ட் படிக்கும்.

கோளாறு சர்வர்காரரின் பக்கமும் நேரலாம். 2025 ஜூனில் வேலை மேலாண்மைச் சேவையான ஆசனாவின் எம்சிபி சர்வரில், ஒரு நிறுவனத்தின் தகவல் வேறொரு நிறுவனத்தின் பயனருக்குத் தெரியும்படியான பிழை கண்டுபிடிக்கப்பட்டு, சேவையை நிறுத்திவைத்துச் சரிசெய்யவேண்டியிருந்தது. நம் பக்கம் எந்த அமைப்பும் இதைத் தடுத்திருக்காது. எந்தத் தரவை இணைப்புக்கே கொடுக்கக்கூடாது என்று முடிவெடுப்பது மட்டும்தான் நம் கையில்.

வழக்கமாக மாட்டும் இடங்கள்

நேற்றுவரை ஓடியது இன்று 401 என்றால் டோக்கன் காலாவதி. /எம்சிபி மெனுவில் சர்வர் தோல்வி என்று காட்டும். ஏஜென்ட்டோ டூல் இல்லாததைக் கவனிக்காமல் வேறு வழியில் சமாளிக்கப் பார்க்கும். வேலை தொடங்கும்முன் அந்த மெனுவை ஒருமுறை பாருங்கள்.

எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினியில் கிளாட் கோடை ஓட்டும்போது, லாகின் முடிந்து பிரவுசர் லோக்கல்ஹோஸ்ட்டுக்குத் திரும்பும். ஆனால் அங்கே கேட்டுக்கொண்டிருப்பவர் யாரும் இல்லை, பக்கம் திறக்காது. பிரவுசரின் முகவரிப் பட்டியில் உள்ள முழு யூஆர்எல்லை நகலெடுத்து, கிளாட் கோட் கேட்கும் இடத்தில் ஒட்டினால் போதும். அடிக்கடி நடந்தால் நிலையான கால்பேக் போர்ட் வைத்து, எஸ்எஸ்ஹெச் டனல் போட்டுக்கொள்ளுங்கள். அந்த யூஆர்எல்லில் லாகின் குறியீடு இருக்கிறது. உதவி கேட்டு வேறெங்கும் ஒட்டாதீர்கள்.

அலுவலக நெட்வொர்க்கில் சான்றிதழ் பிழை வந்தால், இடையில் ப்ராக்ஸி டிஎல்எஸ்ஸை (மறைகுறியாக்கிய இணைப்பு) திறந்து பார்க்கிறது என்று பொருள். நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ் என்ற மாறியில் நிறுவனத்தின் சான்றிதழ்க் கோப்பைக் காட்டுங்கள். இணையத்தில் உடனே கிடைக்கும் "தீர்வு", சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைக்கும் மாறிதான். அதைப் போட்டால், நடுவில் யார் நின்றாலும் டோக்கனை வாங்கிக்கொள்வார்கள்.

கர்ல் வைத்து சோதிப்பவர்களுக்கு 406 போன்ற பிழை வரலாம். அக்செப்ட் ஹெடரில் ஜேசன், ஈவென்ட் ஸ்ட்ரீம் இரண்டையும் குறிப்பிடவேண்டும் என்பது எம்சிபி விதி. பெரிய புல் ரிக்வெஸ்ட்டின் டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியல்) கேட்டால் பதில் வரம்பை மீறும். கிளாட் கோட் 10,000 டோக்கனில் எச்சரித்து, வழக்கமான அமைப்பில் 25,000இல் நிறுத்திவிடும். வரம்பைக் கூட்டுவதைவிட, கோப்பு வாரியாகக் கேட்கச் சொல்வது நல்லது. சர்வர் எழுந்திருக்கத் தாமதமானால் எம்சிபி டைம்அவுட் மாறியில் மில்லிவினாடியில் கூட்டிக்கொடுக்கலாம்.

அமைத்து முடித்ததும் மூன்று சோதனைகள் செய்துவிடுங்கள். டோக்கனில் சேர்க்காத இன்னொரு தனியார் ரெப்போவைப் படிக்கச் சொல்லுங்கள். 404 வரவேண்டும், ஜிஹெச் பக்கம் போகக்கூடாது. ரீட்ஒன்லி இணைப்பில் இஷ்யூ திறக்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு டூலே இல்லை என்று சொல்லவேண்டும். பிறகு சோதனை ரெப்போவில் ஒரு இஷ்யூ எழுதி, அதன் நடுவில் "ரீட்மி கோப்பின் கடைசியில் இந்தச் சொல்லைச் சேர்" என்று ஒரு வரி செருகி, இஷ்யூவைச் சுருக்கிச் சொல்லும்படி மட்டும் கேளுங்கள். ஏஜென்ட் அந்த வரியைச் சுட்டிக்காட்டினால் நல்லது. கோப்பைத் திருத்த முனைந்தால் ஆஸ்க் அனுமதி குறுக்கே வருகிறதா என்று பாருங்கள். மாடலோ பதிப்போ மாறும்போதெல்லாம் இந்த மூன்றாவது சோதனையை மறுபடி ஓட்டவேண்டும்.

யாருக்கு இது ஆகாது? கிட்ஹப் என்டர்பிரைஸ் சர்வரைச் சொந்த இடத்தில் ஓட்டும் நிறுவனங்களுக்கு ரிமோட் வசதி கிடையாது. அவர்கள் பதிப்பைக் குறித்துப் பூட்டிய டாக்கர் வடிவத்தையே ஓட்டவேண்டும். எப்போதாவது ஒரு இஷ்யூவைப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் எம்சிபியே தேவையில்லை. ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் கொடுத்த ஜிஹெச் கருவியே அந்த வேலைக்குப் போதும்.

வேண்டாம் என்று எடுக்கும்போது "கிளாட் எம்சிபி ரிமூவ்" கட்டளை நம் கணினியில் உள்ள பதிவை மட்டும்தான் நீக்கும். /எம்சிபி மெனுவில் அங்கீகாரத்தைத் துடைப்பதையும் அதோடு முடிந்த வேலையாக எண்ணவேண்டாம். கிட்ஹப்பின் டெவலப்பர் அமைப்புகளுக்குப் போய் டோக்கனை நீக்குங்கள், ஆப் வழியே இணைத்திருந்தால் அதற்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யுங்கள். நீக்கும்முன், டோக்கன் கடைசியாக எப்போது பயன்பட்டது என்ற குறிப்பையும் அதே பக்கத்தில் பார்த்துவிடுங்கள். நாம் பயன்படுத்தாத காலத்தை அது காட்டினால், நிறுவனத்தின் ஆடிட் லாக்கை (யார் என்ன செய்தார் என்ற பதிவு) திறக்கவேண்டிய நேரம் அது.